புல்லுருவி: மரத்துக்குப் பகை, மனிதருக்கு மருந்தா? விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை பகுதிகளில் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்களுக்குப் புல்லுருவியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. உழைக்காமல் அடுத்தவரை அண்டிப் பிழைப்பவரை நம் ஊரில் 'புல்லுருவி' என்றுதான் திட்டுவார்கள். முந்திரி, மா, வேம்பு, இலுப்பை, புங்கன் என்று எந்த மரத்திலும் ஒட்டிக்கொண்டு, அதன் சாற்றை உறிஞ்சி வளரும் செடி இது. அதே செடியை மருந்து என்று சொல்லித் தேடி வருபவர்களும் உண்டு. 'மாமரத்துப் புல்லுருவி இருக்கா?', 'புளியமரத்துப் புல்லுருவி கிடைக்குமா?' என்று கேட்டு வருபவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இரண்டுமே உண்மைதான். மரத்துக்கு அது பகை. முறை தெரிந்தவர் கையில் அது மருந்து. ஆனால் எந்த மரத்தில் வளர்ந்தது என்று தெரியாமல் பறித்து உட்கொண்டால் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இந்த மூன்றையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

பெயரும் அடையாளமும்

நம் பகுதியில் பரவலாகக் காணப்படும் புல்லுருவியின் தாவரவியல் பெயர் டென்ட்ரோப்தி ஃபல்காட்டா. லொராந்தேசியே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. பழைய நூல்களில் லொராந்தஸ் என்ற பெயரில் இருக்கும். தமிழில் குருவிச்சை என்ற பெயரும் உண்டு. மலையாளத்தில் இத்திள், இத்திக்கண்ணி என்றும், இந்தியில் பாந்தா என்றும் அழைக்கிறார்கள். வடமொழி மருத்துவ நூல்கள் இதை 'விருட்சாதனி' என்கின்றன. மரத்தைத் தின்பது என்று பொருள்.

இலைகள் தடிப்பாக, தோல் போல, சற்றுச் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் இருக்கும். மடக்கினால் மொறுக்கென்று ஒடியும். பூக்கள் கொத்துக் கொத்தாக, நீண்ட குழல் வடிவில், ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறத்தில் பூக்கும். பழம் சிறியது, முட்டை வடிவம், பழுத்தால் இளஞ்சிவப்பாகும். உள்ளே ஒரே ஒரு விதை. பழத்தைப் பிதுக்கினால் பசை போல இழுபடும்.

இலை உதிர்க்கும் மரங்களில் புல்லுருவியைக் கண்டுபிடிப்பது எளிது. மாசி, பங்குனியில் வேம்பு இலை கொட்டி நிற்கும்போது, அதன் நடுவே பச்சையாக ஒரு புதர் மட்டும் தனியாகத் தெரிந்தால் அதுதான் புல்லுருவி. முந்திரியும் மாவும் ஆண்டு முழுதும் இலையோடு இருப்பதால் அவற்றில் அது மறைந்திருக்கும். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, கிளையில் கழலை போன்ற வீக்கம் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

மரத்தில் ஒட்டியிருப்பதெல்லாம் புல்லுருவி ஆகாது. பட்டையில் வெறுமனே ஒட்டி வளரும் ஆர்க்கிட், பாசி போன்றவை சாறு உறிஞ்சுவதில்லை. இலையே இல்லாமல் மஞ்சள் நூல் போலச் சுற்றிப் படரும் கொத்தான் வேறு வகை ஒட்டுண்ணி. கரும்பு, சோளத்தின் வேரில் வரும் சுடுமல்லியும், புகையிலை வேரில் வரும் புகையிலைக் காளானும் வேர் ஒட்டுண்ணிகள்.

எப்படிப் பரவுகிறது?

புல்லுருவி விதை முளைக்க மண் வேண்டாம், கிளை போதும். விதையைக் கொண்டு சேர்ப்பது பூக்கொத்தி என்ற மிகச்சிறிய பறவை. அது பழத்தை விழுங்கிய சிறிது நேரத்திலேயே விதை எச்சத்தோடு வெளியே வருகிறது. விதையைச் சுற்றிப் பசை இருப்பதால் எச்சம் எளிதில் கீழே விழாது. பறவை தன் பின்புறத்தைக் கிளையில் தேய்த்துத்தான் அதை விடுவிக்க முடியும். அப்படித் தேய்க்கும்போது விதை கிளையில் ஒட்டிக்கொள்கிறது.

முளைத்த விதை முதலில் ஒரு வட்டு போலக் கிளையைப் பற்றுகிறது. பிறகு உறிஞ்சு வேரை மரத்துக்குள் செலுத்துகிறது. அந்த வேர் மரத்தின் நீர்க்குழாய் வரை போய், மண்ணிலிருந்து மரம் எடுக்கும் தண்ணீரையும் உப்புச் சத்தையும் வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. இலை பச்சையாக இருப்பதால் தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். அதனால்தான் இதை அரை ஒட்டுண்ணி என்கிறார்கள்.

இந்த வகைப் புல்லுருவிக்கு இன்னொரு பழக்கம் உண்டு. முதலில் ஒட்டிய இடத்திலிருந்து கிளையின் மேலேயே ஓடுவேர் விட்டு, சற்றுத் தள்ளி மறுபடியும் துளைக்கும். நீங்கள் ஒரு புதரை வெட்டினாலும் பக்கத்திலேயே இன்னொன்று முளைப்பதற்கு இதுதான் காரணம்.

மரத்துக்கு என்ன கேடு?

புல்லுருவி ஒட்டிய இடத்துக்கு அப்பால் உள்ள கிளைப் பகுதிக்குத் தண்ணீர் குறைகிறது. இலை சிறுக்கும், பூ குறையும், காய் பிடிக்காது. கடைசியில் நுனிக்கிளை காய்ந்துவிடும். கோடையில் மரம் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடும்போதும் புல்லுருவி தாராளமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மானாவாரி முந்திரிக்கு இது பெரிய பாரம். ஒரு மரத்தில் பத்து, இருபது புதர் சேர்ந்துவிட்டால் சில ஆண்டுகளில் மரமே பட்டுப்போகலாம்.

முந்நூறுக்கும் மேற்பட்ட செடி, மரங்களில் இந்த ஒரு வகைப் புல்லுருவி மட்டும் தொற்றுவதாகப் பதிவுகள் உள்ளன. மா, முந்திரி, சப்போட்டா, கொய்யா, மாதுளை, எலுமிச்சை போன்ற பழ மரங்களும் அதில் அடக்கம். கேரளத்தின் நிலம்பூர்த் தேக்குத் தோட்டங்களில் இது நீண்ட காலமாகவே பெரிய தொல்லை.

நாட்டு மருத்துவத்தில் புல்லுருவி

சித்தம், ஆயுர்வேதம், நாட்டு வைத்தியம் ஆகிய மூன்றிலும் புல்லுருவிக்கு இடம் உண்டு. பொதுவாகத் துவர்ப்புச் சுவை உடையது.

வெளிப்பூச்சு: இலையை அரைத்து வீக்கம், புண் ஆகியவற்றின் மேல் பற்றுப் போடுவார்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியர்கள் சிலரும் இலை விழுதைப் பயன்படுத்துகிறார்கள்.

உள்மருந்து: பட்டை, தண்டு ஆகியவற்றின் கஷாயத்தை மாதவிடாய்த் தொல்லை, இரைப்பு, இளைப்பு நோய் ஆகியவற்றுக்கு வைத்தியர்கள் கொடுத்திருக்கிறார்கள். ஆயுர்வேதத்தில் சிறுநீர்க் கல், நீர்க்கடுப்பு ஆகியவற்றுக்கான மூலிகைகளோடு விருட்சாதனியையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

இன்றைய ஆய்வுகளில் இதன் இலையில் குவர்செடின் போன்ற சத்துகளும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இருப்பது தெரியவந்துள்ளது. எலிகளிடம் நடந்த சோதனைகளில் இதன் சாறு புண் ஆறுவதற்கு உதவியிருக்கிறது. அதே போன்ற எலிச் சோதனைகளில் கருத்தரிப்பைத் தடுக்கும் தன்மையும் தெரிந்திருக்கிறது. எலியில் கண்டது மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கர்ப்பிணிகளும், குழந்தைக்காகக் காத்திருப்பவர்களும் இதைத் தொடக்கூடாது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

'புல்லுருவி புற்றுநோயைக் குணப்படுத்தும்' என்று செல்போனில் வரும் செய்திகளையும் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளில் ஊசி மருந்தாகப் போடப்படுவது விஸ்கம் ஆல்பம் என்ற ஐரோப்பியப் புல்லுருவி. அது வேறு செடி. அங்கேயும் அதை முதன்மைச் சிகிச்சையாக யாரும் கொடுப்பதில்லை, வழக்கமான சிகிச்சைக்குத் துணையாகவே கொடுக்கிறார்கள். அது புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பது நிரூபிக்கப்படவும் இல்லை. நம் ஊர் வேப்பமரத்தில் இருப்பதைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டு, மருத்துவமனைக்குப் போகாமல் நாளைத் தள்ளுவது உயிரோடு விளையாடுவதாகும்.

வசியம், பணவரவு என்று சொல்லி, நட்சத்திரத்துக்கு ஒரு மரம் என்று கணக்குக் காட்டிப் புல்லுருவித் துண்டுகளைப் பெரும் விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். அதற்குக் காசைக் கொடுத்து ஏமாற வேண்டாம்.

மரத்தின் குணம் புல்லுருவிக்கும் வரும்

'எந்த மரத்துப் புல்லுருவி?' என்று வைத்தியர்கள் கேட்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. மரத்தின் நீர்க்குழாயில் ஓடுவதைத்தான் புல்லுருவி குடிக்கிறது. மரத்தில் நஞ்சு இருந்தால் அதுவும் சேர்ந்தே வருகிறது.

எட்டி மரத்தின் விதையில் ஸ்ட்ரிக்னின், புரூசின் என்ற கொடிய நஞ்சுகள் உள்ளன. ஒடிசாவின் கட்டாக் பகுதியில் எட்டி மரத்தில் வளரும் விஸ்கம் வகைப் புல்லுருவியிலும் அதே நஞ்சு இருப்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். கல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் ஓஷாக்னெசி இதைப் பற்றி எழுதியவர்களில் ஒருவர்.

அரளியும் அப்படித்தான். அரளியில் வளர்ந்த டென்ட்ரோப்தி ஃபல்காட்டாவில், அதாவது நம் ஊர்ப் புல்லுருவியில், இதயத்தைத் தாக்கும் அரளியின் நஞ்சுப் பொருள்கள் இருப்பதை 1961-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. செடி ஒன்றுதான். ஆனால் மாமரத்தில் வளர்ந்தால் ஒரு குணம், அரளியில் வளர்ந்தால் வேறு குணம்.

இதில் நமக்குள்ள சிக்கல் என்னவென்றால், பறித்து உலர்த்திய பிறகு எந்த மரத்துப் புல்லுருவி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எனவே கீழ்க்கண்டவற்றை எப்போதும் கடைப்பிடியுங்கள்.

1. எட்டி, செவ்வரளி, மஞ்சள் அரளி, எருக்கு, ஊமத்தை போன்ற நஞ்சுச் செடிகளிலும் மரங்களிலும் உள்ள புல்லுருவியை மருந்துக்கும் எடுக்க வேண்டாம், ஆடு மாட்டுக்கும் போட வேண்டாம்.

2. சந்தையில் காய்ந்த நிலையில் விற்கும் புல்லுருவியை வாங்கி உட்கொள்ள வேண்டாம்.

3. பூச்சிமருந்து தெளித்த தோப்பில் எடுக்க வேண்டாம். முந்திரியில் தேயிலைக் கொசுவுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் மருந்து அடிக்கிறோம். அவற்றில் சாற்றோடு கலந்து ஓடும் வகை மருந்துகள் புல்லுருவிக்கும் போகும்.

4. சிமெண்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் சுரங்க லாரிகள் ஓடும் சாலை ஓரத்தில் தூசி படிந்து நிற்கும் மரங்களில் எடுக்க வேண்டாம்.

5. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இரத்த அழுத்தம் அல்லது சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் உள்மருந்தாகச் சாப்பிடக்கூடாது.

6. மற்றவர்களும் பதிவு பெற்ற சித்த மருத்துவரைக் கேட்காமல் கஷாயம் போட்டுக் குடிக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே ஆலோசனை கேட்கலாம்.

தவறுதலாகச் சாப்பிட்டவருக்கு வாந்தி, தலைச்சுற்றல், நாடித் துடிப்பு தாறுமாறாகப் போவது போன்றவை இருந்தால் அரளி நஞ்சாக இருக்கலாம். தாடை இறுகுதல், உடல் விறைத்து வெட்டி இழுத்தல், சிறு சத்தம் கேட்டாலே உடல் தூக்கிப்போடுதல் ஆகியவை எட்டி நஞ்சின் அறிகுறிகள். வீட்டில் கைவைத்தியம் பார்க்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். சாப்பிட்ட செடியின் மிச்சத்தையும், அது இருந்த மரத்தின் ஒரு கிளையையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால் மருத்துவருக்குச் சிகிச்சை அளிப்பது எளிதாகும்.

ஒழிக்கும் முறை

புல்லுருவிக்குச் சிறந்த மருந்து அரிவாளும் கைரம்பமும்தான். ஆனால் வெட்டும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

வெறும் புதரை மட்டும் தொரட்டியால் இழுத்து ஒடித்தால் பலன் இல்லை. உள்ளே இருக்கும் உறிஞ்சு வேரிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். புல்லுருவி ஒட்டியுள்ள இடத்திலிருந்து அடிமரத்தை நோக்கி ஓர் அடி தள்ளி, கிளையோடு சேர்த்து அறுக்க வேண்டும். ஓடுவேர் படர்ந்திருந்தால், அது கடைசியாகத் துளைத்த இடத்திலிருந்து ஓர் அடியைக் கணக்கிட வேண்டும்.

பெரிய கிளையிலோ அடிமரத்திலோ ஒட்டியிருந்தால் கிளையை இழக்க முடியாது. அங்கே புதரை வெட்டிவிட்டு, வீங்கிய பகுதியில் உள்ள உறிஞ்சு வேரைக் கூரான உளியால் சுரண்டி எடுக்க வேண்டும். மரத்தைச் சுற்றிலும் பட்டையை உரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டுக்காயத்தில் அன்றைக்கே போர்டோ பசை தடவுங்கள். மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு அரை லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியாகக் கரைத்து, பிறகு ஒன்றாகக் கலக்க வேண்டும். மண்பானை அல்லது பிளாஸ்டிக் வாளி பயன்படுத்துங்கள். இரும்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது. கலவையில் துருப்பிடிக்காத கத்தி ஒன்றை ஒரு நிமிடம் நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள், இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். தயாரித்த அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

எப்போது வெட்டுவது? பழம் பழுப்பதற்கு முன் வெட்டிவிட வேண்டும். பழுத்தபின் வெட்டினால் பறவைகள் அதற்குள் விதையைப் பரப்பியிருக்கும். முந்திரியில் அறுவடை முடிந்து ஆடி மாதத்தில் கவாத்து செய்யும்போதே புல்லுருவிக் கிளைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் தனிக் கூலி மிச்சம். வெட்டிய கிளையைத் தோப்பிலேயே போட்டு வைக்காதீர்கள். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அதே மரங்களை மறுபடி பாருங்கள். ஒட்டியிருந்த விதைகள் அதற்குள் குட்டிச் செடிகளாக வளர்ந்திருக்கும். அந்த வயதில் சின்னக் கிளையோடு கிள்ளி எடுத்துவிடலாம்.

மரம் ஏறும்போது மின்கம்பியைக் கவனியுங்கள். இரும்புத் தொரட்டி கம்பியில் பட்டால் உயிர் போய்விடும். முந்திரிப் பால் தோலில் பட்டால் புண்ணாகும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

களைக்கொல்லி அடிக்கலாமா?

டீசல் கலந்த சோப்புக் கரைசல் தெளிப்பது, 2,4-டி களைக்கொல்லியை ஊசி மூலம் கிளையில் செலுத்துவது போன்ற முறைகள் பாடப் புத்தகங்களில் இருக்கின்றன. அளவு தவறினால் புல்லுருவியோடு மரமும் போய்விடும். அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2,4-டி காற்றில் அடித்துச் சென்றால் பக்கத்து வயல் பருத்தி இலை சுருண்டு நாசமாகிவிடும். பருத்தி அந்த மருந்தைத் துளியும் தாங்காது. உங்கள் தோப்பைக் காப்பாற்றப் போய்ப் பக்கத்து வீட்டாரோடு பகையாக வேண்டாம்.

வெட்டி எடுக்க முடியாத அளவுக்குத் தொற்று இருந்தால் நீங்களாக எதையும் ஊற்றாமல் ஆலோசனை கேளுங்கள். அரியலூர் மாவட்டத்தில் சோழமாதேவியிலும், பெரம்பலூர் மாவட்டத்தில் வாலிகண்டபுரத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. முந்திரி தொடர்பான சந்தேகங்களுக்கு விருத்தாசலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. புல்லுருவி ஒட்டிய ஒரு சிறு கிளையை எடுத்துச் சென்று காட்டினால் உங்கள் மரத்துக்கு ஏற்ற முறையைச் சொல்வார்கள்.

ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலை

உங்கள் தோப்பை மட்டும் சுத்தம் செய்தால் போதாது. பூக்கொத்திக்கு வரப்பு தெரியாது. பக்கத்துத் தோப்பிலும், ஏரிக்கரை இலுப்பையிலும், சாலையோரப் புளியிலும் புல்லுருவி பழுத்துக்கொண்டிருந்தால் அடுத்த ஆண்டே உங்கள் மரத்துக்கு வந்துவிடும். அக்கம்பக்கத்து விவசாயிகள் பேசி வைத்துக்கொண்டு ஒரே பருவத்தில் வெட்டுவதுதான் பலன் தரும். புறம்போக்கு, சாலையோர மரங்களில் கை வைப்பதற்கு முன் ஊராட்சியிடமோ சம்பந்தப்பட்ட துறையிடமோ அனுமதி வாங்கிவிடுங்கள்.

அதற்காகக் காட்டிலும் கோயில் தோப்பிலும் உள்ள எல்லாப் புல்லுருவியையும் அழிக்கக் கிளம்ப வேண்டாம். அதன் பூவில் தேன்சிட்டுகள் தேன் குடிக்கின்றன, பழத்தை நம்பிப் பூக்கொத்தி வாழ்கிறது. இறக்கையின் அடிப்புறம் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும் அழகான வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழுக்கள் புல்லுருவி இலையைத் தின்றுதான் வளர்கின்றன. தோப்பிலிருந்து தள்ளி, காட்டு மரத்தில் ஒன்றிரண்டு இருப்பதால் நமக்குக் கேடு இல்லை.

வெட்டிய புல்லுருவி வீணாகவும் வேண்டியதில்லை. இலையை ஆடுகள் விரும்பித் தின்னும். மருந்து தெளிக்காத மா, வேம்பு, முந்திரியில் வெட்டியது என்று உறுதியாகத் தெரிந்தால் வழக்கமான தீவனத்தோடு கொஞ்சமாகப் போடலாம். எந்த மரத்தில் வெட்டியது என்று தெரியாவிட்டால் குப்பைக்குழியில் போட்டு மூடிவிடுங்கள்.

அடுத்த முறை யாராவது உங்கள் தோப்புக்கு வந்து மருந்துக்குப் புல்லுருவி கேட்டால், வெட்டிக் கொடுக்கும் முன் மரத்தைக் காட்டிவிட்டுக் கொடுங்கள். அடித்த மருந்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் யாரிடமாவது வாங்குவதாக இருந்தாலும் மரத்தைக் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள்.